நூறு பேருக்கான இசை நிகழ்ச்சியை நகரத்தில் நடத்தும் முறை

நகரத்தில் நடக்கும் சிறிய இசை நிகழ்ச்சிகள் பெரும்பாலும் தெரிந்தவர்களுக்குள்ளேயே தொடங்கி முடிந்துவிடுகின்றன. பாடுபவரின் உறவினர்கள், ஏற்பாடு செய்தவரின் நண்பர்கள், சென்ற முறையும் வந்திருந்த அதே முகங்கள் என்று கூடம் நிறைந்துவிட்டால் நிகழ்ச்சி நன்றாக நடந்ததாகவே தோன்றும். அதே தெருவில் பல ஆண்டுகளாகக் குடியிருக்கும், இசையில் உண்மையான ஈடுபாடு உள்ள ஒருவருக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரிந்திருக்காது. தெரிந்திருந்தாலும், அங்கே நமக்கு யாரையும் தெரியாதே என்ற தயக்கத்தில் அவர் வராமல் இருந்திருப்பார்.

நான் உதவிக்கு இருந்த ஒரு நிகழ்ச்சியில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். கட்டடத்துக்கு இரண்டு வாசல்கள். அறிவிப்பில் கட்டடத்தின் பெயரை மட்டும்தான் போட்டிருந்தோம். அன்று மாலை பிரதான சாலைப் பக்கத்து வாசல் பூட்டியிருந்தது. பின்தெரு வாசல்தான் திறந்திருந்தது. வயதான பெண்மணி ஒருவர் ஒரு சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டு பூட்டிய வாசலுக்கு வந்தார். சங்கிலியைத் தொட்டுப் பார்த்தார். உள்ளே வயலினுக்குச் சுருதி சேர்க்கும் ஓசை அவருக்குக் கேட்டிருக்க வேண்டும், ஏனென்றால் சிறிது நேரம் தலையைச் சாய்த்து நின்றார். மாடி ஜன்னலிலிருந்து அதைப் பார்த்துவிட்டு நான் படியிறங்கி ஓடிப் போவதற்குள் இருவரும் போய்விட்டார்கள். ஐம்பது முதல் நூற்றைம்பது பேர் வரை வரக்கூடிய ஒரு நிகழ்ச்சியை எப்படி நடத்துவது என்று இனி எழுதப்போகும் அனைத்தும், முதன்முறையாகத் தனியாக வரும் அப்படிப்பட்ட ஒருவரை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன.

நாளும் நேரமும்

நாளை முடிவு செய்வதற்கு முன் பொதுத் தேர்வுகள், நீண்ட விடுமுறைகள், அதே வட்டாரத்தில் ஏற்கெனவே அறிவிக்கப்பட்ட நிகழ்ச்சிகள் ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். தொடங்கும் நேரத்தை எல்லோரும் யோசிக்கிறார்கள். முடியும் நேரத்தை யோசிப்பவர்கள் குறைவு. சொந்த வாகனம் இல்லாதவர் கடைசிப் பேருந்தைப் பிடிக்க முடியுமா என்பதை வைத்தே முடியும் நேரத்தைத் தீர்மானியுங்கள், அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுத் தொடக்க நேரத்தை வையுங்கள். முதல் நிகழ்ச்சிக்கு இடைவேளை இல்லாத 75 முதல் 90 நிமிடங்கள் போதுமானவை. தொடர்ந்து நடத்தும் எண்ணம் இருந்தால், மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை என்பதுபோல மாறாத ஒரு நாளை வைத்துக்கொள்ளுங்கள். மக்கள் தேதியை மறப்பார்கள், வழக்கத்தை மறக்க மாட்டார்கள்.

நகரத்தில் பெரிய விழா ஒன்று நடக்கும் வாரத்தைத் தவிர்க்க வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். கட்டாயமில்லை. 1947-இல் எடின்பரோ நகரில் முதல் சர்வதேசக் கலைவிழா நடந்தபோது, அழைப்பு இல்லாத எட்டு நாடகக் குழுக்கள் தாங்களாகவே வந்து, கிடைத்த இடங்களில் நாடகம் போட்டன. ஃபிரிஞ்ச் என்று இன்று உலகம் முழுவதும் அறியப்படும் விழா அதிலிருந்து வளர்ந்ததுதான். பெரிய விழாவுக்காக ஊர் கூடும்போது உங்கள் கூடம் நடந்து வரும் தொலைவில் இருந்தால் அது நல்ல வாய்ப்பு. பேருந்து மாறி வர வேண்டிய தொலைவில் இருந்தால் வேறு வாரம் பார்ப்பதே நல்லது.

கூடத்தைத் தேர்ந்தெடுத்தல்

சமுதாயக் கூடம், நூலகத்தின் வாசிப்பறை, பள்ளி அரங்கம், ஓவியக் கூடம், குடியிருப்பின் மாடித்தளம் என்று எதுவாக இருந்தாலும், நேரில் போய்ப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். அதுவும் நிகழ்ச்சி நடக்கும் அதே கிழமையில், அதே நேரத்தில் போய்ப் பாருங்கள். காலை பதினொரு மணிக்கு அமைதியாக இருக்கும் கூடத்தின் சுவருக்கு அப்பால் மாலை ஆறு மணிக்கு ஒரு நடன வகுப்பு நடக்கக்கூடும்.

உள்ளே போனதும் நடுவில் நின்று கையை ஓங்கி ஒருமுறை தட்டுங்கள். ஓசை உடனே அடங்கினால் பேச்சுக்கும் கதைசொல்லலுக்கும் அந்த இடம் ஏற்றது. ஒரு வினாடிக்குச் சற்று மேல் நின்று அடங்கினால் குரலுக்கும் புல்லாங்குழலுக்கும் வயலினுக்கும் நன்றாகவே இருக்கும். இரண்டு வினாடிக்கு மேல் சுழன்றால் பெரிய வாத்தியக் குழுவுக்கு அது அழகாக இருக்கலாம். ஆனால் வேகமான தாள வாசிப்பில் ஒரு சொல்லின் மீது அடுத்த சொல் ஏறி எல்லாம் குழம்பிவிடும். சிலர் இந்தக் குறையை ஸ்பீக்கரின் சத்தத்தைக் கூட்டிச் சரிசெய்யப் பார்க்கிறார்கள். சத்தம் கூடினால் எதிரொலியும் சேர்ந்தே கூடும் என்பதால் அது ஒருபோதும் பலிப்பதில்லை.

தீர்வு துணியில் இருக்கிறது. 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் அருங்காட்சியகத்தில் புதிதாகக் கட்டப்பட்ட விரிவுரை அரங்கில், பேசிய சொல் ஐந்து வினாடிக்கும் மேலாகச் சுழன்று, பேச்சு யாருக்கும் புரியாமல் போயிற்று. அதைச் சரிசெய்யும் பொறுப்பு வாலஸ் சாபின் என்ற இளம் இயற்பியல் ஆசிரியருக்குக் கொடுக்கப்பட்டது. அவர் அருகிலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவு நேரங்களில் தூக்கி வந்து, சில மெத்தைகளைப் போட்டும் எடுத்தும், ஆர்கன் என்ற காற்றிசைக் கருவியின் குழல் ஒன்றை ஒலிக்கவிட்டு நிறுத்தி, ஓசை அடங்க எவ்வளவு நேரமாகிறது என்று அளந்து பார்த்தார். அரங்கின் கன அளவும், அதிலுள்ள பொருள்கள் ஓசையை எவ்வளவு உறிஞ்சுகின்றன என்பதுமே ஓசை நீடிக்கும் நேரத்தைத் தீர்மானிக்கின்றன என்ற கணக்கு அந்த இரவுகளில் பிறந்தது. 1900-இல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்பொனி அரங்கு அவருடைய கணக்கை வைத்து வடிவமைக்கப்பட்டதுதான்.

நம்மைப் போன்றவர்களுக்கு இதில் இரண்டு பயன்கள் உண்டு. டைல்ஸ் பதித்த தரையும் வெற்றுச் சுவரும் உள்ள கூடத்தில், மேடைக்குப் பின்னால் கனமான திரை ஒன்றையும், தரையில் ஜமக்காளங்களையும், மேடைக்கு எதிர்ச் சுவரில் இரண்டு மூன்று போர்வைகளையும் தொங்கவிட்டாலே வேறுபாடு காதுக்குத் தெரியும். இரண்டாவது, மனிதர்களும் ஓசையை உறிஞ்சுகிறார்கள். காலிக் கூடத்தில் இரைச்சலாகக் கேட்டது, நூறு பேர் உட்கார்ந்ததும் தெளிந்துவிடும். எனவே ஒலிச் சோதனையின்போது சற்றுக் கூர்மையாகக் கேட்டாலும் பதற வேண்டாம். ஆட்கள் நிறைந்த பிறகு ஒருமுறை சரிபார்த்துக்கொண்டால் போதும்.

அனுமதியும் உரிமையும்

பொது இடத்தில் ஒலிபெருக்கி வைப்பதற்கும், இடத்தின் கொள்ளளவுக்கும் உங்கள் ஊரில் உள்ள விதிகளை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். வாய்வார்த்தையை நம்பி எதையும் செய்ய வேண்டாம். பாடல்களுக்கான உரிமையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1847-இல் பாரிஸில் எர்னஸ்ட் பூர்ஜே என்ற பாடலாசிரியர், தான் உட்கார்ந்திருந்த விடுதியில் தன்னுடைய ஆக்கம் தன் அனுமதியில்லாமல் இசைக்கப்படுவதைக் கேட்டு, அதற்குப் பணம் தராத விடுதிக்குத் தானும் பணம் தர முடியாது என்று மறுத்தார். வழக்கு அவருக்குச் சாதகமாக முடிந்தது. 1851-இல் சாசெம் என்ற உரிமைத்தொகைச் சங்கம் உருவாவதற்கு அதுவே வழிவகுத்தது. இன்று பெரும்பாலான நாடுகளில் இத்தகைய சங்கங்கள் இருக்கின்றன. மரபுப் பாடல்களும், உரிமைக் காலம் முடிந்த ஆக்கங்களும் மட்டுமே என்றால் கவலையில்லை. அண்மைக்காலப் பாடல்கள் இருந்தால், பாடல் பட்டியலை முன்கூட்டியே கலைஞரிடம் வாங்கி உரிமம் தேவையா என்று விசாரித்துவிடுங்கள். நிகழ்ச்சி இலவசம் என்பதாலேயே உரிமம் வேண்டியதில்லை என்று நினைத்துக்கொள்ளக் கூடாது.

கலைஞர்களிடம் பேசுதல்

நுழைவுக் கட்டணம் இல்லாத நிகழ்ச்சி என்றாலும் பாடுபவரின் உழைப்புக்குப் பணம் தர வேண்டும். கூடத்துக்கும் நாற்காலிக்கும் மைக்செட்டுக்கும் பணம் கொடுக்கும் நாம், யாருக்காக அத்தனையும் ஏற்பாடு செய்தோமோ அவரிடம் மட்டும் "இது உங்களுக்கு ஒரு வாய்ப்பு" என்று சொல்வது முறையல்ல. தொகை சிறியதாக இருக்கலாம். அது எவ்வளவு, எப்போது தரப்படும், பயணச் செலவு அதில் அடங்குமா, நிகழ்ச்சி ரத்தானால் என்ன செய்வது, பதிவு செய்யவும் இணையத்தில் வெளியிடவும் சம்மதமா என்பவற்றை ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். பக்கவாத்தியக்காரர்களின் தொகையை முதன்மைக் கலைஞரிடம் மொத்தமாகக் கொடுப்பதா, தனித்தனியே கொடுப்பதா என்பதையும் அப்போதே பேசிவிடுவது நல்லது. இதைப் பேசாமல் விட்டதால் வந்த மனக்கசப்புகளை நான் பார்த்திருக்கிறேன்.

தொடக்கத்தில் பத்து நிமிடங்களை அந்த வட்டாரத்தில் கற்றுக்கொண்டிருப்பவர்களுக்கு ஒதுக்குங்கள். பிரான்ஸில் 1982 ஜூன் 21 அன்று தொடங்கிய இசைத் திருநாள், தொழில்முறைக் கலைஞர்களோடு கருவி வாசிக்கத் தெரிந்த எவரையும் தெருவுக்கு வந்து வாசிக்க அழைத்தது. அதனாலேயே அது பிற நாடுகளுக்கும் பரவியது. ஒரு சிறுவன் மேடையேறினால் அவனுடைய வீடே வரும் என்பது ஒரு புறம் இருக்கட்டும். நம் தெருவில் இப்படி ஒருவன் பயில்கிறானா என்று மற்றவர்கள் அறிந்துகொள்வது அதைவிடப் பெரிது. ஆனால் அந்தப் பத்து நிமிடம் பத்து நிமிடமாகவே இருக்க வேண்டும்.

அறிவிப்பு எழுதுதல்

1672 டிசம்பர் 30 அன்று லண்டன் கெசட் செய்தித்தாளில் ஜான் பானிஸ்டர் என்ற வயலின் கலைஞர் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். காசு கொடுத்து எவரும் வந்து கேட்கக்கூடிய பொதுக் கச்சேரிகளின் வரலாறு பெரும்பாலும் அவருடைய நிகழ்ச்சிகளிலிருந்தே சொல்லப்படுகிறது. அந்த அறிவிப்பில் இடம் அவருடைய வீடு என்றும், அது ஒயிட் ஃபிரையர்ஸ் பகுதியில் ஜார்ஜ் விடுதிக்கு எதிரில் இருக்கிறது என்றும், அன்று திங்கட்கிழமை மாலை சரியாக நான்கு மணிக்குத் தொடங்கும் என்றும், இனி ஒவ்வொரு நாளும் அதே நேரத்தில் நடக்கும் என்றும் தெளிவாக இருந்தது. முன்பின் அறியாத ஒருவர் அந்த வீட்டைக் கண்டுபிடித்து, சரியான நேரத்துக்கு வந்து சேர அதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

மூன்றரை நூற்றாண்டு கழிந்தும் நம்முடைய சுவரொட்டிகளில் அந்த விவரங்கள் பாதிதான் இருக்கின்றன. சிறப்பு விருந்தினர்களின் படங்கள் பெரிதாக இருக்கும். எந்த வாசல் என்பது இருக்காது. உங்கள் அறிவிப்பில் கிழமையையும் தேதியையும் சேர்த்தே எழுதுங்கள், இரண்டும் பொருந்துகின்றனவா என்று இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். கதவு திறக்கும் நேரம், இசை தொடங்கும் நேரம், முடியும் நேரம் மூன்றையும் தனித்தனியே குறிப்பிடுங்கள். முகவரியோடு, எதற்கு எதிரில், எந்தத் தெரு வழியாக, எந்தத் தளத்தில் என்பதைச் சொல்லுங்கள். கட்டணம் உண்டா, முன்பதிவு வேண்டுமா, குழந்தைகளை அழைத்து வரலாமா, படியேறாமல் வர வழி இருக்கிறதா என்பவை ஒவ்வொன்றும் ஒரு வாக்கியமாவது பெற வேண்டும். அனைவரும் வருக என்று பொதுவாக எழுதுவதைவிட, "தனியாக வருபவர்களுக்கும் முதன்முறை வருபவர்களுக்கும் வாசலில் எங்கள் தொண்டர் ஒருவர் உதவுவார்" என்று எழுதினால் தயங்கி நிற்பவர் அதைத் தமக்காகவே எழுதியதாக எடுத்துக்கொள்வார்.

என்ன இசை என்பதையும் சொல்ல வேண்டும். "மாபெரும் இசை விருந்து" என்பதிலிருந்து யாருக்கும் எதுவும் தெரியாது. யார் பாடுகிறார்கள், எந்தக் கருவிகள், எந்த வகைப் பாடல்கள், அவற்றைக் கேட்க முன்பயிற்சி ஏதும் வேண்டாம் என்பதை நான்கு வரிகளில் எழுதலாம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது அதே விவரங்களை எழுத்தாகவும் சேர்த்து அனுப்புங்கள். கண்பார்வை குறைந்தவர்களின் கைப்பேசி எழுத்தைத்தான் தெளிவாக வாசித்துக் காட்டும், பிறகு தேடும்போது கிடைப்பதும் எழுத்துதான். மூன்று வாரத்துக்கு முன் ஒருமுறை, ஒரு வாரத்துக்கு முன் ஒருமுறை, அன்று காலை ஒருமுறை என்று அனுப்பினால் போதும். அதே தெருவிலுள்ள வீடுகளுக்குத் துண்டுச்சீட்டைக் கையில் கொண்டுபோய்க் கொடுங்கள். அன்று மாலை சற்றுச் சத்தம் இருக்கும் என்பதையும் அவர்களிடம் சொல்லிவிடலாம்; அழைக்கப்பட்டவர் பெரும்பாலும் புகார் செய்வதில்லை.

ஒலி

நூறு பேர் கொள்ளும் நல்ல கூடத்தில், குரலும் ஒரு தந்திக் கருவியும் மட்டும் என்றால் மைக்கே தேவைப்படாமல் இருக்கலாம். முதலில் அப்படிக் கேட்டுப் பாருங்கள். தேவைப்பட்டால், மைக்செட்காரர் கலைஞர்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வந்து எல்லாவற்றையும் கட்டி முடித்திருக்க வேண்டும். ஸ்பீக்கர்கள் மைக்குகளுக்கு முன்னால், மக்களை நோக்கி இருக்க வேண்டும். மைக் இருக்கும் வரிசைக்குப் பின்னால் ஸ்பீக்கர் போனால் கீச்சென்ற ஓசை வருவது நிச்சயம். இரண்டு மைக்குகள் அருகருகே இருந்தால், ஒரு மைக்குக்கும் அதில் பாடுபவருக்கும் உள்ள தொலைவைப்போல் மூன்று மடங்கு தொலைவாவது இரண்டு மைக்குகளுக்கும் இடையில் இருக்கட்டும். ஒருவர் குரல் இன்னொருவர் மைக்கில் புகுந்து ஓசையைக் கெடுப்பது இதனால் குறையும்.

கூடம் நீளமாக இருந்தால் பின்வரிசைக்காக நடுவில் இன்னொரு ஜோடி ஸ்பீக்கர் வைப்பார்கள். ஓசை வினாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர்தான் பயணம் செய்கிறது. அதாவது ஒவ்வொரு மீட்டருக்கும் மூன்று மில்லி வினாடி ஆகிறது. மேடையிலிருந்து 20 மீட்டர் தள்ளி வைத்த ஸ்பீக்கர், மேடை ஓசை அங்கே வந்து சேர்வதற்கு 60 மில்லி வினாடி முன்பே ஒலித்துவிடும்; பின்வரிசையில் இருப்பவருக்கு ஒவ்வொரு சொல்லும் இரட்டையாகக் கேட்கும். மிக்சர் எனப்படும் ஒலி கலக்கும் கருவியில் அந்த ஸ்பீக்கருக்கு அதே அளவு தாமதம் கொடுத்துவிட்டால் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து கேட்கும். இந்த வசதி மைக்செட்காரரிடம் இருக்கிறதா என்று அவரை அமர்த்தும்போதே கேளுங்கள். இல்லையென்றால் நடு ஸ்பீக்கரே வேண்டாம்.

"ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ" என்று சொல்லிப் பார்ப்பது ஒலிச் சோதனை ஆகாது. பாடுபவரே உட்கார்ந்து, தாம் பாடப்போகும் உச்சஸ்தாயியிலும் மிக மென்மையான இடத்திலும் பாட வேண்டும். தாள வாத்தியம் முழு வேகத்தில் வாசிக்கப்பட வேண்டும். கலைஞர்களுக்கு எதிரே உள்ள மானிட்டர் ஸ்பீக்கரில் அவர்களுக்கு யார் குரல் எவ்வளவு கேட்க வேண்டும் என்பதை அவர்களிடமே கேளுங்கள். அப்போது நீங்கள் கடைசி வரிசையின் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து, பாடலின் சொற்கள் காதில் விழுகின்றனவா என்று மட்டும் கவனியுங்கள். தாமதமாக, தயங்கியபடி வருபவர் பெரும்பாலும் அந்த நாற்காலியில்தான் உட்காருவார். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட நெறிமுறையில், நிகழ்ச்சி அரங்குகளில் 15 நிமிடச் சராசரி ஒலி அளவு 100 டெசிபெலைத் தாண்டக் கூடாது என்று வரையறுத்திருக்கிறது. சிறிய கூடத்தில் அதற்கு வெகு கீழேயே இசை நிறைவாகக் கேட்கும். முன்வரிசையில் குழந்தைகள் இருந்தால் ஸ்பீக்கருக்கு நேர் எதிரே அவர்களை உட்கார வைக்காதீர்கள்.

இருக்கைகளும் வாசலும்

எதிர்பார்ப்பதைவிடச் சற்றுக் குறைவான நாற்காலிகளைப் போட்டு, மீதியை ஓரத்தில் அடுக்கி வையுங்கள். நடுவில் 120 சென்டிமீட்டர் அகலத்துக்கு வழி விடுங்கள். சக்கர நாற்காலிக்கான இடம் ஏதேனும் ஒரு வரிசையின் முனையில், உடன் வருபவரும் அருகிலேயே உட்காரும்படி இருக்க வேண்டும். எல்லோருக்கும் பின்னால் தனியாக ஓரிடம் ஒதுக்குவது அவரை விலக்கி வைப்பதாகும். வாசலில் ஒரே ஒரு படி இருந்தாலும் சாய்தளம் தேவை. பரவலாகப் பின்பற்றப்படும் அளவு ஒன்றுக்குப் பன்னிரண்டு: 15 சென்டிமீட்டர் உயரப் படிக்கு 180 சென்டிமீட்டர் நீளச் சாய்தளம். குறுகலாக ஒரு பலகையைச் சாய்த்து வைப்பது ஆபத்து. அவசர வழிக் கதவுகளின் பூட்டுகளை நீங்களே கையால் திறந்து பாருங்கள், அவற்றின் முன் நாற்காலி அடுக்காதீர்கள்.

எல்லா வாசல்களுக்கும், பூட்டியிருக்கும் வாசலுக்கும்கூட, அம்புக்குறியிட்ட ஓர் அட்டை மாட்டுங்கள். திறந்த வாசலில் இருவர் நிற்கட்டும்: ஒருவர் வருபவரை வரவேற்று இடம் காட்டுவார், இன்னொருவர் மற்ற வாசலை அவ்வப்போது போய்ப் பார்த்து வருவார். அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தால் புதியவர் அவர்களைக் கடந்து வரத் தயங்குவார் என்பதை முன்பே சொல்லிவையுங்கள்.

நிகழ்ச்சி நடக்கும் மாலை

சொன்ன நேரத்தில் தொடங்குங்கள். இன்னும் கூட்டம் வரட்டும் என்று அரை மணி காத்திருப்பது, நேரத்துக்கு வந்தவர்களுக்குச் செய்யும் அவமரியாதை. அடுத்த முறை அவர்களும் தாமதமாகத்தான் வருவார்கள். வரவேற்புரை மூன்று நிமிடத்துக்குள் முடியட்டும், பொன்னாடைகளையும் நினைவுப் பரிசுகளையும் முடிவுக்குத் தள்ளிவிடுங்கள். ஒவ்வொரு பாடலுக்கும் முன் ஓரிரு வாக்கியங்களில் அதைப் பற்றிச் சொல்லும்படி கலைஞரைக் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் எப்போது கைதட்டுவது என்பதுகூட அறியாமல் வந்தவர் இருப்பார். படமெடுப்பவர் மேடைக்கு முன் குறுக்கே நடக்கக் கூடாது. குழந்தைகளின் படங்களைப் பெற்றோரின் சம்மதமின்றி வெளியிடக் கூடாது.

முடிவில் அடுத்த நிகழ்ச்சியின் தேதியை மேடையிலிருந்தே அறிவியுங்கள். பெயரும் தொடர்பு எண்ணும் எழுதும் தாளை வாசலில் வையுங்கள், விருப்பமுள்ளவர் மட்டும் எழுதட்டும். அந்த எண்களை நிகழ்ச்சி அறிவிப்பைத் தவிர வேறு எதற்கும் பயன்படுத்தாதீர்கள். கலைஞர்களுக்கான தொகையை அவர்கள் கேட்பதற்கு முன் உறையில் கொடுங்கள்.

கூடத்தை வந்தபோது இருந்ததுபோலவே ஒப்படைத்துவிட்டு, அன்று இரவோ மறுநாள் காலையோ உதவியவர்கள் எல்லோரும் உட்கார்ந்து வரவு செலவைப் பாருங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் எத்தனை நாற்காலிகள் நிறைந்தன, எத்தனை முகங்கள் புதியவை, எந்தப் பாடலில் பின்வரிசைக்குச் சொல் கேட்கவில்லை, யார் எந்த வாசலில் வழி தேடி நின்றார்கள் என்று எழுதி வையுங்கள். அடுத்த நிகழ்ச்சிக்கான அறிவிப்பை எழுத உட்காரும்போது அந்தப் பக்கம் மேசைமேல் திறந்து இருக்கட்டும்.